வால் படகு டெய்லரம்மா

பெரிய மீசை வைத்த பல் டாக்டர் ஒருவர் தையல் கடைக்குள் நுழைந்து, “என் பாவாடை கிழிஞ்சு போச்சு, தைச்சுக் குடுக்க முடியுமா?” என்று கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? டெய்லரம்மாவுக்கும் வந்தது. ஆனால் வந்த வாடிக்கையைப் பார்த்துச் சிரிப்பது தொழிலுக்கு ஆகாது. அதனால் உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுக்காமலே கையை மட்டும் நீட்டினாள். வாயில் ஊசி இருந்தால் சிரிக்க முடியாது என்பது அவள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் உபாயம்.

வந்தது கெட்டியான ரப்பர் துணி. மேலே இடுப்புக்கு ஒரு குழாய், கீழே சுற்றிலும் முரட்டு எலாஸ்டிக். கயாக் என்ற ஒல்லிப் படகில் உட்காரும் ஓட்டைக்குள் கடல் தண்ணீர் புகாமல் இருக்க, இதை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஓட்டையின் விளிம்பில் இழுத்து மூடிவிட வேண்டும், படகுக்காரர்கள் இதைத்தான் பாவாடை என்பார்கள் என்று டாக்டர் விளக்கினார்.

“அப்ப படகு கவிழ்ந்துட்டா?” என்று ஊசிகளை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

“முன்னாடி ஒரு பட்டை இருக்கு பாருங்க. அதைப் பிடிச்சு இழுத்தா மூடி கழண்டுக்கும். நாம வெளியில வந்துடலாம்.”

அறுந்திருந்தது அந்தப் பட்டைதான். டெய்லரம்மா அதை நாலு மடிப்பு மடித்து, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தாள். தைத்து முடித்த பிறகு அவளுக்கு மனசு கேட்கவில்லை. பேண்ட்டுக்கு மடிப்புத் தைத்துக் கொடுத்தால் பிரிந்தாலும் யாரும் சாகப் போவதில்லை. இது தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்குகிற ஒரு மனுஷன் பிடித்து இழுக்கிற பட்டை. தையல் நிற்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை படகு கிளப்புக்குப் போனாள். தையலைப் பார்க்கப் போனவள் படகில் ஏறிவிட்டு வந்தாள். நனைந்த சேலையோடு பஸ்ஸில் வந்து இறங்கியவளைப் பார்த்து அவள் வீட்டுக்காரர், “மழையா?” என்று கேட்டார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

அப்போது அவளுக்கு ஐம்பதை நெருங்கும் வயசு. சாவி செய்கிறவர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், நீட்டிப் படுத்தால் கால் தெருவுக்கு வந்துவிடும் அளவில் அவள் கடை. நாள் முழுக்க ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, பெருத்துப் போனவர்களுக்குப் பிரித்துவிடுவது, இளைத்துப்போய்த் திரும்ப வருகிறவர்களுக்கு மறுபடி பிடிப்பது. ஊர் முழுக்க யார் உடம்பு எங்கே போகிறது, எங்கே வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். அவள் மட்டும் எங்கேயும் போனதில்லை. குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டியே பாதி ஆயுசு முடிந்திருந்தது.

வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் என்றால் முழங்காலுக்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டார். “மேல போறதை நம்புவேன், கீழ வர்றதை நம்புவேன். பக்கவாட்டுல ஆடுறதை மட்டும் என்னால நம்ப முடியாது” என்பது அவர் கொள்கை. இருந்தாலும் பெண்டாட்டியைத் தனியாக விடவும் மனசில்லை. ஆகவே அவர் கிளப்பின் கரை ஆளானார். கயாக்கில் குழுவாகப் போகிறவர்கள் யாரிடமாவது எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். வராவிட்டால் அந்த ஆள் கடலோரக் காவலுக்குப் போன் போட வேண்டும். இந்த உத்தியோகத்துக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். படகுகள் கரையை விட்டு நகர்ந்த உடனேயே போனைக் கையில் எடுத்துக்கொள்வார்.

கிளப் என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். கடலுக்குச் சாய்வாக இறங்கும் சிமென்ட் தளத்துக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. சட்டங்களில் படகுகள், ஆணிகளில் மிதவைச் சட்டைகள், எப்போதும் ஈரக் கயிற்று வாடை, மூலையில் அழுக்கான மின்சாரக் கெட்டில் ஒன்று. அந்தக் கொட்டகையில்தான் டெய்லரம்மா கவிழக் கற்றுக்கொண்டாள். ஆமாம், கவிழத்தான். அங்கே துடுப்புப் போடக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் கவிழக் கற்றுக்கொடுப்பார்கள். முதல் தடவை தலைகீழாகப் போய், பட்டையை இழுத்து, மூக்கிலும் காதிலும் தண்ணீர் வழிய மேலே வந்தவள் சொன்ன முதல் வார்த்தை, “இன்னொரு தடவை.”

குழுவாகக் கடலுக்குப் போவதற்கு அங்கே ஒரு முறை உண்டு. முன்னால் டாக்டர் போவார். அவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. கடைசியில் ஒருவர் வருவார், அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. அந்தக் கடைசி ஆளுக்குப் பெயர் வால். டெய்லரம்மா வந்த ஒரே வருஷத்தில் வால் ஆகிவிட்டாள். வேகம் போதாது என்பது ஒரு காரணம். நாள் பூராவும் மிஷின் மிதித்துப் பழகிய உடம்பு, மெதுவாக, ஆனால் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருக்கும் என்பது இன்னொன்று. அவளைவிட மெதுவாகப் போவது கடலில் யாராலும் முடியாத காரியம், ஆகவே அவளுக்குப் பின்னால் ஒருத்தரும் தங்கியதில்லை.

அவளுக்கு முன்னால் போகும் முதுகுகளை அவள் துணி அளக்கிற கண்ணோடு பார்ப்பாள். மெக்கானிக்குக்குக் களைத்தால் வலது தோள் ஏறும். டீச்சர் அக்கா தங்கச்சி இருவரும் இரட்டைப் படகில் போவார்கள். அவர்கள் கரையிலிருந்து கரை வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். வங்கியில் காசாளராக இருக்கும் ஒல்லி மனுஷர், “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டுக்கொண்டே வருவார். பயந்த சுபாவம். அவர் கையில் கொடுத்த ரூபாய் நோட்டைக்கூட மறுபடி மறுபடி எண்ணித்தான் நம்புவார் என்றால் கடலை எப்படி நம்புவார்?

இவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. நடுக்கடலில் யாராவது ஒருத்தர் “திரும்பலாம்” என்று சொன்னால், மறுபேச்சு இல்லாமல் எல்லோரும் திரும்ப வேண்டும். கரை சேர்கிறவரை ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. முன்பு ஒரு ஆள் வயிற்றைப் புரட்டுவதைச் சொல்ல வெட்கப்பட்டு மென்று முழுங்கிக்கொண்டே போய், கடைசியில் துடுப்பே பிடிக்க முடியாமல் போக, அவரைக் கயிறு கட்டி இழுத்துவர எல்லோர் கையிலும் கொப்புளம் போட்டுவிட்டதாம். அதற்குப் பிறகு வந்த சட்டம். கரைக்கு வந்து, படகுகளைச் சட்டத்தில் ஏற்றி, டீயைக் கையில் வாங்கிய பிறகு டாக்டர் கேட்பார்: “ஏன் திரும்பினோம்?” சொன்னவர் காரணம் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். மெக்கானிக்குக்கு இந்தச் சட்டம் பிடிக்காது. “முன் வெச்ச காலைப் பின் வைக்கக் கூடாதும்பாங்க” என்பார்.

“அதைச் சொன்னவன் தரையில நின்னுக்கிட்டு சொல்லியிருப்பான்” என்பாள் டெய்லரம்மா.

கடலுக்குள் ஒரு தீவு இருக்கிறது. தீவு என்பதுகூட மரியாதைக்குத்தான். தட்டையான ஒரு பாறை, அதன் மேல் ஆள் இல்லாத கலங்கரை விளக்கம், தண்ணீருக்கு இறங்கும் படிகள், துருப்பிடித்த ஒரு பெஞ்சு. வானம் தெளிவாக இருக்கும் நாளில் டெய்லரம்மாவின் தெருக்கோடியில் நின்றால் அது தெரியும். கிளப்பில் மற்ற எல்லோரும் எப்போதோ ஒரு தடவை போய் வந்தவர்கள். டெய்லரம்மா மட்டும் போனதில்லை. அவள் போகிற நாளில் எல்லாம் யாராவது “திரும்பலாம்” என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வருஷம் பனிமூட்டம். ஒரு வருஷம் சின்ன டீச்சரின் மணிக்கட்டு. ஒரு வருஷம் மெக்கானிக்கின் சொந்தப் படகிலேயே ஓட்டை. ஊர் வண்டிகளையெல்லாம் சரி பார்க்கிறவர் தன் படகைப் பார்க்கவில்லை. மற்றபடி எல்லா வருஷமும் காசாளர். சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதைதான்.

“அங்க அப்படி என்னதான் இருக்கு?” என்று வீட்டுக்காரர் கேட்பார்.

“ஒண்ணும் இல்லையாம்.”

“அப்புறம் என்ன?”

“அந்த ஒண்ணும் இல்லாததை ஒரு தடவை உக்காந்து பாக்கணுங்க.”

பிறகு மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. மகளும் மருமகனும் இருப்பது மலை அடிவாரத்து ஊர். ரயிலில் ராத்திரி ஏறினால் மறுநாள் போய்ச் சேரலாம். கடல் அங்கே படத்தில்தான் உண்டு. “அம்மா, ஒத்தக் கையில ரெண்டையும் தூக்க முடியலம்மா” என்று மகள் போனில் அழுதாள். கடையை ஒருவருக்குக் கைமாற்றிவிட்டு இருவரும் அங்கேயே போய்விடுவது என்று முடிவாயிற்று. டெய்லரம்மாவுக்குப் பேரப் பிள்ளைகள் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் போவதற்கு முன்னால் அந்தத் தீவு. அந்தப் பருவத்தின் கடைசிப் பயணம் ஒன்று பாக்கி இருந்தது. அதை விட்டால் அவளுக்குத் தீவு கிடையாது. இது கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் காலையில் கடல் எண்ணெய் தேய்த்த மாதிரி கிடந்தது. மத்தியானத்துக்குப் பிறகுதான் காற்று என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் படகைத் தள்ளிவிடும் சாக்கில் கணுக்கால் வரை நனைந்தார்.

“சாப்பாட்டு நேரத்துக்குள்ள தலை தெரியலைன்னா போன் போட்டுடுவேன்.”

“போடுங்க. ஆனா நாங்க கரைய விட்டுக் கிளம்பின பிறகு போடுங்க” என்றாள்.

வழியில் கட்டியிருக்கும் சிவப்பு மிதவை வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. மிதவையைத் தாண்டியதும், வானிலைக்காரர்கள் சொன்ன நேரத்தை மதிக்காமல் காற்று முன்னதாகவே வந்துவிட்டது. நீரோட்டம் ஒரு பக்கம் ஓட, காற்று அதற்கு எதிரே வர, அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து நின்றன. அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தது.

டெய்லரம்மா வாலில் இருந்து பார்த்தாள். மெக்கானிக்கின் வலது தோள் காது வரைக்கும் ஏறியிருந்தது. சரி, இன்னும் கொஞ்சத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான் நம் தீவு என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் யாரும் சொல்லவில்லை. படகுகள் போய்க்கொண்டே இருந்தன.

எதுவோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. கடலில் இல்லை, மனுஷர்களிடம். டீச்சர் அக்காவும் தங்கச்சியும் சண்டை போடவில்லை. இருவரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர்கள் மாதிரி வாய் திறக்காமல் துடுப்புப் போட்டார்கள். காசாளர் இன்னும் எவ்வளவு தூரம் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. டாக்டர் வழக்கமாகத் திரும்பிப் பார்த்து ஒவ்வொருவரையும் கேட்பார். இன்று திரும்பியவர் மற்ற யாரையும் பார்க்காமல் அவளை மட்டும் பார்த்து, தீவைக் கை காட்டி, மீசைக்குள் சிரித்தார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. இன்றைக்கு யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று இவர்கள் பேசி வைத்திருக்கிறார்கள். அவளுக்காக.

அந்த நிமிஷம் அவள் என்ன செய்தாள் என்பதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. அவளும் வாயை மூடிக்கொண்டாள். தீவு அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. படிகள் தெரிந்தன. பெஞ்சின் ஒரு கால் வளைந்திருப்பதுகூடத் தெரிந்தது. இவ்வளவு வருஷம் இவர்கள் ஒவ்வொருவருக்காகவும் திரும்பினோமே, ஒரே ஒரு தடவை எனக்காக இவர்கள் வரக் கூடாதா என்று ஒரு பக்கம் மனசு கேட்டது. அப்படிக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. ஆசை அவ்வளவு இருந்தது.

அப்போது காசாளரின் படகை ஒரு அலை குறுக்காகத் திருப்பியது. துடுப்பால் தண்ணீரைத் தட்டி எப்படியோ நிமிர்ந்துவிட்டார். நிமிர்ந்தவர் பின்னால் அவளைத் திரும்பிப் பார்த்தார். உதடு வெளுத்துப் போயிருந்தது. அந்த உதட்டோடு சிரித்து, “ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல” என்றார்.

டெய்லரம்மா மிதவைச் சட்டையில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினாள். துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தாள்.

“திரும்பலாம்.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். டாக்டர் முன்னாலிருந்து, “டெய்லரம்மா, இன்னும் கொஞ்சம்தான். கையெட்டுற தூரம்” என்று கத்தினார். சட்டப்படி அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

“திரும்பலாம்னு சொன்னேன்.”

திரும்பினார்கள். அந்த மாதிரி அலையில் திரும்புவதுதான் கண்டம். காசாளர் பாதி திரும்பும்போது படகு ஒருக்களித்து அப்படியே கவிழ்ந்தது. மேலே படகின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. மற்றவர்கள் என்ன நடந்தது என்று பார்ப்பதற்குள் டெய்லரம்மா பக்கத்தில் இருந்தாள். வாலில் வருவதில் இது ஒரு சௌகரியம், எது நடந்தாலும் கண்ணெதிரே நடக்கும். காசாளர் இருமிக்கொண்டே மேலே வந்து அவள் படகின் மூக்கைக் கட்டிக்கொண்டார்.

“பட்டை நல்லாக் கழண்டுச்சுக்கா” என்றார். கிளப்பில் எல்லோருடைய பட்டைகளையும் எப்போதோ அவள் புதிதாகத் தைத்துக் கொடுத்திருந்தாள்.

“அப்புறம் புகழலாம். கையை விடாதீங்க.”

மெக்கானிக் வந்து சேர்ந்தார். இருவருமாகக் காசாளரின் படகைத் தூக்கித் தங்கள் படகுகளின் மேல் குறுக்கே போட்டுத் தண்ணீரைக் கொட்டி, நிமிர்த்தி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, காசாளர் பல்லி சுவரில் ஏறுகிற மாதிரி வயிற்றால் ஊர்ந்து ஏறி உட்கார்ந்தார். மெக்கானிக் அவர் படகுக்கு இழுகயிறு மாட்டினார். தீவின் படிகளில் அலை மோதி ஆள் உயரத்துக்குத் தெறித்துக்கொண்டிருந்ததை டெய்லரம்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அங்கே போய் இறங்கப் பார்த்திருந்தால் ஒரு படகும் மிஞ்சியிருக்காது.

கொட்டகையில் டீ ஊற்றினார்கள். காசாளரைத் துண்டுகளால் மூட்டை கட்டி உட்கார வைத்திருந்தார்கள். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏன் திரும்பினோம்?” என்று கேட்டார். குரலில் சுரத்தே இல்லை.

“அதை நான்ல கேக்கணும்” என்றாள் டெய்லரம்மா. “மிதவை தாண்டினதும் யார் யாருக்கு திரும்பணும்னு தோணுச்சு? கையத் தூக்குங்க.”

முதலில் சின்ன டீச்சர் கை ஏறியது. பிறகு பெரிய டீச்சர். துண்டு மூட்டைக்குள் இருந்து காசாளரின் விரல்கள் வந்தன. மெக்கானிக் கழுத்தைச் சொறிவது போலப் பாவனை செய்து கையைத் தூக்கினார். கடைசியில் டாக்டர். வாசல் பக்கம் நின்ற வீட்டுக்காரரும் தூக்கினார்.

“நீங்க எதுக்கு?”

“எனக்கு நீங்க கிளம்பினப்பவே தோணுச்சு.”

யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. எல்லோருக்கும் திரும்பத் தோன்றியிருக்கிறது, ஒருத்தர்கூட வாய் திறந்து சொல்லவில்லை. இப்படி ஒரு கூட்டத்தைக் கடல் என்ன செய்யும்? டெய்லரம்மா கோபத்தில் பேச ஆரம்பித்தாள். சாதாரணமாக அவள் அதட்டிப் பேசுகிறவள் இல்லை, அதனால் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள்.

“எனக்கு நல்லது பண்றதா நெனச்சீங்களா? இவருக்கு ஏதாவது ஆகியிருந்தா அந்தத் தீவை நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பாப்பேன்? நம்மகிட்ட இருந்தது அந்த ஒத்தை வார்த்தைதானே. அதையும் எனக்காக வாயில போட்டு பூட்டிக்கிட்டீங்க.” சொல்லிவிட்டு அழுதாள். பெரிய டீச்சர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க கடைசியா வர்றீங்களேன்னுதாங்கா…”

“தெரியுது. தெரியறதாலதான் அழுறேன்.”

டீயைக் குடித்து முடித்ததும் அவள் இன்னொரு காரியம் செய்தாள். தான் போன பிறகு காசாளர்தான் வால் என்றாள்.

மெக்கானிக்குக்குப் புரையேறியது. “இவரா? கிளப்லயே முதல்ல பயப்படறவரு இவர்தாங்கா.”

“அதனாலதான். பயப்படத் தெரிஞ்ச ஆள் பின்னாடி இருந்தாத்தான் முன்னாடி போறவங்க வீடு வந்து சேருவாங்க.”

காசாளர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். “எனக்கு பயம் வருதுக்கா, வாய் வரலையே. இத்தனை வருஷம் தயக்கமே இல்லாம சொன்னேன். இன்னைக்கு உங்க முகத்தை நெனச்சேன், வார்த்தை தொண்டையோட நின்னுடுச்சு. நாளைக்கு வேற யாராவது ஆசைப்பட்டு வருவாங்க. அப்பவும் இப்படித்தான் நிக்கும்.”

தீவைப் பார்க்காமல் போனதைவிட இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு போனதுதான் அவளுக்குப் பாரமாக இருந்தது.

மலையடிவாரத்து ஊரில் பொழுது போகாமல் இல்லை. ஒன்று தூங்கினால் ஒன்று விழிக்கும், இரண்டும் தூங்கினால் மருமகன் தும்மி எழுப்பிவிடுவார். அக்கம் பக்கத்தில் விஷயம் தெரிந்து ஜிப் மாற்ற ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் டெய்லரம்மா போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவாள். கிளப் எங்கே போனது என்று அவள் கேட்க மாட்டாள். “யாராவது சொன்னாங்களா?” என்று மட்டும் கேட்பாள்.

மறு வருஷம், பருவம் பாதி தாண்டிய ஒரு ஞாயிறு மெக்கானிக் போனை எடுத்தார். பெருமை பிடிபடவில்லை. “இந்த வருஷம் ஒரு தடவைகூட நடுவுல திரும்பலக்கா. போன இடமெல்லாம் முழுசாப் போய்ட்டு வந்திருக்கோம்.”

“காசாளர்?”

“பின்னாடியேதான் வர்றாரு. வாயே திறக்கறதில்ல. நல்லா முன்னேறிட்டாரு.”

அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருவேளை கடல் ஒழுங்காக இருந்திருக்கலாம், சொல்ல வேண்டிய நாளே வராமல் இருந்திருக்கலாம். இல்லாவிட்டால், தன்மேல் வைத்த பிரியத்தால் ஒரு நாள் மூடிய வாய் அப்படியே மூடிப் போயிருக்கலாம். மாடிப்படியில் உட்கார்ந்து எதைத் தெரிந்துகொள்ள முடியும்?

“ரயிலுக்கு டிக்கெட் போடுங்க” என்றாள் வீட்டுக்காரரிடம்.

“தீவு ஆசை இன்னும் விடலையா?”

“ஆமா, தீவுதான்” என்று சொல்லிவைத்தாள்.

பேரப் பிள்ளைகளை மருமகனின் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் வந்து இறங்கியபோது கொட்டகையே திருவிழாக் கோலத்தில் இருந்தது. டாக்டர் தன் நல்ல துடுப்பை அவளுக்குக் கொடுத்தார். டீச்சர்கள் அவளை யார் தங்கள் வீட்டில் தங்க வைப்பது என்று சண்டை போட்டு முடித்திருந்தார்கள். காசாளர் மட்டும் அவள் கண்ணைப் பார்க்காமல் மிதவைச் சட்டையின் கொக்கியைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அவளை விருந்தாளி என்று நடுவில் போட்டார்கள். தனக்குப் பின்னால் ஒரு ஆள் வருவது அவளுக்குப் பழக்கமில்லாத விஷயம். முதுகு குறுகுறுத்தது. பின்னால் ஒரு துடுப்பின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள்.

மிதவையைத் தாண்டினார்கள். கடல் அமைதியாகத்தான் இருந்தது. தீவின் படிகள் தெரிந்தன. பெஞ்சு தெரிந்தது. அப்போது தீவின் வலது பக்கத்தில் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு வெள்ளையாக ஒரு பனிமூட்டம் கிளம்பியது. முதலில் பார்த்தால் ஒன்றுமில்லாதது மாதிரிதான் இருக்கும். வந்து மூடிவிட்டால் முன்னால் போகும் படகே தெரியாது, கப்பல் வரும் பாதை வேறு குறுக்கே இருக்கிறது.

யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை. “வந்துட்டோம்கா, வந்துட்டோம்” என்றார் மெக்கானிக். டெய்லரம்மாவின் நாக்கு நுனியில் வார்த்தை நின்றது. போன தடவை செய்த தப்பை மறுபடி செய்ய அவள் தயாராக இல்லை. மூட்டம் கலங்கரை விளக்கத்தின் அடியைத் தொட்டால் நானே சொல்லிவிடுவேன், அதுவரை காசாளருக்கு விட்டுக் கொடுப்போம் என்று முடிவு செய்துகொண்டு மூட்டத்தையே பார்த்தபடி துடுப்புப் போட்டாள். அது மெதுவாக நகர்ந்து வந்தது. பாறையின் ஓரம் மறைந்தது. அவள் மூச்சை இழுத்தாள்.

“திரும்பலாம்.”

பின்னாலிருந்து வந்தது. குரல் உடைந்து, பாதி இருமலாக வந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

மெக்கானிக் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். டாக்டர் உடனே துடுப்பைத் தூக்கிக் காட்டினார். முதலில் திரும்பியது டெய்லரம்மாவின் படகு. திரும்பியபோது காசாளருக்கு நேர் எதிரே வந்தாள். மனுஷருக்குக் காது இரண்டும் சிவந்து போயிருந்தன. ராத்திரி பூராவும் ரயிலில் வந்தவளைத் தீவின் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புகிறோமே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஏன் என்று கேட்கக் கூடாது என்பது சட்டம். நன்றி சொல்லக் கூடாது என்று சட்டத்தில் இல்லை என்றாலும் அவள் அதையும் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. அவரைக் கடந்து வந்து, கரை வரைக்கும் கண்ணைத் துடைத்துத் துடைத்துத் துடுப்புப் போட்டாள். கரையை அவர்கள் தொட்டபோது சிவப்பு மிதவைக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்காரர் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். படகின் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே, “தீவைப் பாத்தாச்சா?” என்று கேட்டார்.

“இல்லைங்க.”

“அடப்பாவமே. மறுபடியுமா?” என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். பெண்டாட்டியின் முகம் நனைந்திருந்தது, ஆனால் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆன செய்தி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. “பாக்காம வந்ததுக்கா இவ்வளவு சந்தோஷம்?”

“ஆமாங்க” என்றாள் டெய்லரம்மா. “என் முகத்தைப் பாக்காம ‘திரும்பலாம்’னு சொல்லிட்டாரு காசாளர்.”